எழுத்துப் பிழைகளை வைத்தே ஸ்காட்லாந்து முன்னோரின் ஊரைப் பிடிப்பது எப்படி

கனடாவிலோ நியூசிலாந்திலோ போய்க் குடியேறிய ஒருவரின் கல்லறையில் ‘ஸ்ட்ரேவன், லானர்க்’ என்று பொறித்திருக்கிறது என்று வையுங்கள். வரைபடத்தில் தேடினால் அந்த எழுத்துகளில் ஊரே கிடைக்காது. உடனே பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் வாயால் சொன்னதை யாரோ காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்தைப் படித்தால் ‘ஸ்ட்ராத்ஹேவன்’ என்று வரும் ஊரை உள்ளூர்க்காரர்கள் ‘ஸ்ட்ரேவன்’ என்றுதான் சொல்வார்கள். ‘மில்ன்கேவி’ அங்கே ‘மல்கை’, ‘கிர்க்கட்பிரைட்’ அங்கே ‘கர்கூப்ரி’. அதனால் பதிவில் இருப்பதைச் சத்தமாகப் படியுங்கள், பிறகு உள்ளூர் உச்சரிப்போடு ஒப்பிடுங்கள்.

அந்தப் பிழையைத் திருத்தாமல் அப்படியே குறித்து வையுங்கள். ஒரு பிழை குழப்பும், ஆனால் மூன்று பேர் மூன்று விதமாக எழுதிய பிழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊர் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றைச் சேர்க்க நல்ல இடம் ஸ்காட்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 பெரிதாக உதவாது, அந்த மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்றுதான் கேட்டிருப்பார்கள். 1851 முதல் பிறந்த திருச்சபை வட்டமும் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி, ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’) மாவட்டமும் வரும். உங்கள் ஆள் அதற்கு முன்பே கப்பல் ஏறியிருந்தால் ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன், தங்கை, அம்மா யாரையாவது பிடியுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, கப்பலேறியவரையே துரத்திக்கொண்டிருப்பார்கள்.

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதன் பிறகான இறப்புப் பதிவில் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். 1855 என்ற அந்த ஒரு வருடம் மட்டும் தனி அதிர்ஷ்டம்: இறந்தவர் எங்கே பிறந்தார் என்பதையும் எழுதியிருப்பார்கள். அடுத்த வருடமே வேலை அதிகம் என்று அதை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் தெரிந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1855-க்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவுகள் ஊர்ப் பெயரில் இல்லை, திருச்சபை வட்டத்தின் பெயரில் இருக்கும். ஸ்ட்ராத்ஹேவன் இருப்பது ஏவன்டேல் வட்டத்தில். அங்கே தேடாவிட்டால் எதுவும் சிக்காது. பெயர் பொதுவாக இருந்தால் இன்னும் கஷ்டம்: கிர்க்மைக்கேல் என்ற வட்டம் பெர்த்ஷயர், பான்ஃப்ஷயர், ஏர்ஷயர், டம்ஃப்ரீஸ்ஷயர் நான்கிலும் உண்டு. மாவட்டப் பெயர்களும் மாறியிருக்கின்றன, பழைய பதிவில் ஃபோர்ஃபர்ஷயர் என்றால் இன்றைய ஆங்கஸ். ‘பெர்த்’ என்று மட்டும் இருந்தால் நகரமாகவும் இருக்கலாம், முழு மாவட்டமாகவும் இருக்கலாம். ‘கிளாஸ்கோ’ என்று இருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன், வெளிநாட்டுக்காரருக்குப் புரியட்டும் என்று பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் வழக்கம்தானே.

சின்னப் பண்ணை, குக்கிராமம் என்றால் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடங்களைப் பாருங்கள். அதைவிட, அந்த சர்வேக்காரர்கள் வைத்திருந்த பெயர்ப் புத்தகங்கள் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்: ஒவ்வொரு இடத்துக்கும் வழக்கில் இருந்த வெவ்வேறு எழுத்து வடிவங்களையும், எந்த வடிவத்தை யார் சொன்னார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆட்களின் பெயருக்கும் இதே கதைதான். குடும்பப் பெயரின் முன்னால் வரும் ‘மெக்’ சில நேரம் ‘மாக்’ ஆகும், சில நேரம் காணாமலே போகும். டொனால்ட் டேனியல் ஆவார், பேட்ரிக் பீட்டர் ஆவார், ஜேனட் ஜெஸ்ஸி ஆவார். ஸ்காட்லாந்து அரசின் பழைய பதிவுகளைத் தேட உதவும் ‘ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள்’ இணையதளத்தில் பெயர் தேடும்போது சந்தேகமான ஒரு எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போடலாம். பட்டியலைத் தேடுவது இலவசம், மூலப் பதிவின் படத்துக்குத்தான் பெரும்பாலும் காசு. அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர் லீத்தைக் கீத் என்று போட்டிருந்தால் எடின்பரோ பக்கத்துத் துறைமுகம் பான்ஃப்ஷயருக்குப் போய்விடும், படத்தைப் பார்க்காமல் அது தெரியாது.

சரியான வட்டத்திலும் ஞானஸ்நானம் இல்லையா? 1843-இல் ஸ்காட்லாந்தின் தேசியத் திருச்சபை உடைந்து பெரும் கூட்டம் சுதந்திரத் திருச்சபைக்குப் போனது, அவர்களுடைய பதிவு தனி. ஏழ்மையில் இருந்தவர் என்றால் 1845 சட்டத்துக்குப் பிந்தைய ஏழை நிவாரண விண்ணப்பங்களைப் பாருங்கள். எந்த வட்டம் செலவை ஏற்பது என்று தீர்மானிக்கப் பிறந்த இடத்தைத் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தில் இவை ஏராளம்.

கடைசியில் பெயரும் வருடமும் பொருந்தும் ஒரு குழந்தை கிடைத்துவிட்டால், உங்கள் ஆள் கப்பலேறிய பிறகு எடுத்த கணக்கெடுப்புகளிலும் அதே குழந்தை வளர்ந்து ஸ்காட்லாந்திலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் ஆள் இல்லை, அடுத்தவரைத் தேடுங்கள்.