பாட்டி முதல் பேத்தி வரை: பாங்காக்கில் குடும்பத்தோடு முதல் முறை

பாங்காக்கில் குடும்பங்களைக் களைப்படைய வைப்பவை வெயிலும் சாலை நெரிசலும்தான். பார்க்கும் இடங்களின் பட்டியல் நீளமாக இருந்தால் இரண்டாம் நாளே குழந்தை அழும், பெரியவர்களுக்குக் கால் வீங்கும். அதனால் ஒரு நாளைக்கு நகரின் ஒரு பக்கம் மட்டும் போதும். காலையில் கிளம்பி, மதியம் அறைக்குத் திரும்பி, மாலையில் மறுபடி வெளியே வாருங்கள். கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: மாதம், வருகைப் படிவம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கத் தோதான காலம். மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். நம் பள்ளிக் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வேறு வழியில்லை என்றால் வெளியிடங்களைக் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அதை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பதிவு உண்டு, ஆனால் குடும்பம் முழுவதையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் திறந்தால் அது குடிவரவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

படி 2: தங்கும் இடம்

விலையையும் நீச்சல் குளத்தையும் பார்க்கும் முன், ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் வேண்டாம். முதல் முறை போகிறவர்களுக்கு சீலோம், சபான் தக்சின் பகுதி ஏற்றது. மேம்பால ரயிலும் படகுத்துறையும் பக்கத்திலேயே இருக்கின்றன, இந்திய உணவகங்களும் உண்டு. காவ்சான் சாலை மலிவுதான், ஆனால் அது ரயிலுக்குத் தூரம், இரவெல்லாம் இரைச்சல்.

படி 3: விமான நிலையத்திலிருந்து

நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் முவாங். திரும்பும் டிக்கெட்டில் எது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாறிப் போய்விட்டால் விமானத்தைக் கோட்டை விட வேண்டியதுதான்.

சுவர்ணபூமியில் நால்வரும் பெட்டிகளும் என்றால் டாக்ஸிதான் சரி. வருகைத் தளத்தில் வந்து அழைப்பவர்களைக் கடந்து முதல் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் உள்ள எண்ணில்தான் உங்கள் வண்டி நிற்கும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்காமல் நீங்களே வைத்திருங்கள், தகராறு வந்தால் அதுதான் சான்று. மீட்டர் 35 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச்சாலைச் சுங்கம் தனி. மீட்டர் போட மறுத்தால் இறங்கி அடுத்த சீட்டு எடுங்கள்.

சுமை குறைவு என்றால் அடித்தளத்திலிருந்து கிளம்பும் ஏர்போர்ட் ரயிலில் பயாதாய் வரை போகலாம். அரை மணி நேரப் பயணம். பணம் மாற்றவும் அந்தத் தளமே நல்லது, வருகைக் கூடத்தைவிட விலை கூடுதலாகக் கிடைக்கும். ஏடிஎம் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கும், ஆகவே சிறுசிறு தொகையாக எடுக்காதீர்கள்.

படி 4: ரயிலைப் புரிந்துகொள்வது

மேலே ஓடுவது பிடிஎஸ், பெரும்பாலும் சுரங்கத்தில் ஓடுவது எம்ஆர்டி. நடத்துவோர் வேறு வேறு என்பதால் ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. சாலா டேங் - சீலோம், அசோக் - சுகும்வித் போல மாறும் இடங்களில் நிலையத்தின் பெயரே மாறிவிடுகிறது. முதல் முறை வருகிறவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். எம்ஆர்டி வாசலில் வங்கி அட்டையைத் தட்டியே நுழையலாம், ஆனால் ஓர் அட்டைக்கு ஒருவர்தான்.

படி 5: ஆற்றுப் பக்கம் ஒரு நாள்

முதல் காலையை இதற்கே கொடுங்கள். 7.30-க்கு சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி, கீழே உள்ள சாத்தோன் படகுத்துறைக்குப் போங்கள். வழியில் தனிப் படகுக்கு அழைப்பார்கள், நிற்க வேண்டாம். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரம் போனாலும் ஒருவருக்கு 20 பாட்டுக்கும் குறைவுதான். நடத்துநர் நீண்ட தகரக் குழாயில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு வருவார், டிக்கெட்டும் அந்தக் குழாய்க்குள்தான். படகின் பின்பக்கத்தில் விசில் வேகமாகக் கேட்டால் துறை நெருங்கிவிட்டது என்று பொருள். நிற்பது சில நொடிகளே என்பதால் முன்கூட்டியே எழுந்து, குழந்தையைக் கையில் தூக்கிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியை மடக்கியே ஏற்ற வேண்டும்.

தா சாங் துறையில் இறங்கினால் பெரிய அரண்மனை வாசல் பக்கம்தான். 8.30-க்குத் திறக்கும். நுழைவு 500 பாட். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். கையில்லாச் சட்டைக்கு மேல் சால்வை போட்டால் ஏற்கமாட்டார்கள். வழியில் யாராவது “இன்று மூடியிருக்கிறது” என்று சொல்லி மலிவாக ஆட்டோவில் ஏற்றப் பார்த்தால், அந்த வண்டி நகைக்கடைக்கோ துணிக்கடைக்கோதான் போகும். பேசாமல் வாசல் வரை நடங்கள்.

உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களில் முழு ராமாயணமும் இருக்கிறது. தாய் மொழியில் அது ராமகியன். குழந்தைகளிடம் வெள்ளைக் குரங்கைத் தேடச் சொல்லுங்கள், அதுதான் அனுமன். பச்சை உடம்போடு பல முகம் கொண்டவர் தோட்சகான், அதாவது நம் தசகண்டன், ராவணன். கதை தெரிந்த பாட்டி உடன் இருந்தால் அந்தச் சுவரிலேயே ஒரு மணி நேரம் போகும். போகட்டும்.

அங்கிருந்து வாட் போ (வாட் என்றால் கோயில்). சயன புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். சில்லறை வாங்கி 108 கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் போடுவது குழந்தைகளுக்கு மிகப் பிடிக்கும். இதற்குள் வெயில் ஏறியிருக்கும். எதிர்க்கரை வாட் அருணை மாலைக்கு விட்டுவிட்டு, சனாம் சாய் எம்ஆர்டியில் அறைக்குத் திரும்புங்கள்.

தமிழர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். அடுத்த நிலையமான சாம் யோட்டிலிருந்து சிறிது நடந்தால் பெரிய ஊஞ்சல் கம்பங்களும் தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலும். அங்குள்ள அந்தணர்கள் நடத்தும் திரியம்பாவாய் - திரிபாவாய் விழாவின் பெயரே திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தது. சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் “வாட் கேக்” என்றால்தான் தெரியும்.

படி 6: சைவச் சாப்பாடு

“வெஜிடேரியன்” என்று கேட்டால் கறி மட்டும் இருக்காது. மீன் சாறும் சிப்பிச் சாறும் வரும். “ஜே” என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 போலத் தெரியும் எழுத்து அதுதான். அதில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. மற்ற கடைகளில் “மை சாய் நாம் பிளா” என்றால் மீன் சாறு வேண்டாம், “மை பெட்” என்றால் காரம் வேண்டாம். பப்பாளிக்காய் சாலட்டிலும் பட்தாய் நூடுல்ஸிலும் காய்ந்த இறால் சேர்ப்பது வழக்கம். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

1000 பாட் நோட்டை டாக்ஸியில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். செவன் லெவன் கடையில் தண்ணீர் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, பெரியவர்களின் செல்பேசியிலும் பதிந்து கொடுங்கள். ஊர் திரும்பும் நாள் மாலை 4 முதல் 8 மணிக்குள் கிளம்ப நேர்ந்தால், டாக்ஸியை நம்பாமல் பயாதாய் போய் ரயில் பிடியுங்கள்.