அயோவாவில் விளைநிலம் வாங்கப் போகிறீர்களா? முதலில் குத்தகையைப் பாருங்கள்

அயோவாவின் தலைநகர் டி மாயினுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு நாலைந்து வருடத்தில் இந்த ஆசை எப்படியும் வந்துவிடுகிறது. காரணம் கோவில்தான் என்பேன். பூன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மேட்ரிட் ஊருக்கு வெளியே கோவில், அதைச் சுற்றி மக்காச்சோளமும் சோயாவும், கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு மண். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கார் நிறுத்தும் இடத்தில் யாராவது "இங்க ஏக்கர் என்ன விலை போகுது?" என்று ஆரம்பிப்பார். வெளிநாட்டில் குடியிருந்தால் ஊரில் விவசாய நிலம் வாங்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது, பாகத்தில் வந்தால்தான் உண்டு, அந்த ஏக்கமும் இதில் சேர்ந்துகொள்ளும்.

சரி, ஆசைப்படுங்கள். ஆனால் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அயோவாவில் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. எல்எல்சி என்று சின்னக் கம்பெனி ஒன்று திறந்து அதன் பெயரில் வாங்கலாம் என்று வாட்ஸப்பில் யோசனை சொல்லும் அண்ணன்மார்களை நம்பாதீர்கள், விசாவில் இருப்பவர்கள் கையில் உள்ள கம்பெனிக்கும் அதே தடைதான். வேறு மாநிலத்தில் வாங்கினாலும் 1978ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி 90 நாளுக்குள் அமெரிக்க விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம்.

விலைக்கு வருவோம். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. மாநில சராசரி 2023ல் ஏக்கருக்கு 11,835 டாலர், 2024ல் 11,467. வடமேற்கே ஓப்ரையன் கவுண்டியில் இதைவிட நிறைய, தெற்கே டிகேட்டர் பக்கம் போனால் பாதி. நிலம் விலை குறையவே குறையாது என்று சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: 1981ல் 2,147 டாலருக்குப் போன சராசரி ஏக்கர் 1986ல் 787க்கு வந்தது எப்படி? கடன் வாங்கி நிலம் சேர்த்த எத்தனையோ குடும்பங்கள் அந்த ஐந்து வருடத்தில் பண்ணையை விட்டே போயின.

இங்கே நிலத்தைச் செம்மண், கரிசல், வண்டல் என்று பேச மாட்டார்கள். மண்ணின் விளைதிறனுக்கு சிஎஸ்ஆர்2 என்று ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், 5லிருந்து 100 வரை, கூடினால் நல்ல நிலம். பூன் கவுண்டியின் சமவெளி நிலங்கள் எண்பதுகளில் நிற்கும், டி மாயின் ஆற்றை ஒட்டிய சரிவுகளில் மதிப்பெண் மளமளவென்று இறங்கிவிடும். ஒரே சாலையில் இரண்டு மைல் தள்ளி விலை பாதியாக இருந்தால் "அடடா, மலிவு" என்று குதிக்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். குத்தகை வருமானம் பெரிதாக இல்லை. 2023ல் மாநில சராசரி ரொக்கக் குத்தகை ஏக்கருக்கு 279 டாலர். மேலே சொன்ன விலையோடு வகுத்துப் பாருங்கள், இரண்டேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அதிலும் வரி கட்டிய பிறகு என்ன மிஞ்சும்? கடனுக்கு ஏழு சதவீதம் வட்டி கட்டி இதை வாங்குகிறவர் வருமானத்துக்காக வாங்கவில்லை, ஆசைக்காக வாங்குகிறார். தப்பில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்திர வேலையெல்லாம் சுலபம், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மூலப்பத்திரமும் வில்லங்கமும் ஒன்றாகச் சேர்ந்தது போல அப்ஸ்ட்ராக்ட் என்று ஒரு கட்டு இருக்கும், வக்கீல் அதைப் படித்து உரிமை சரி என்று எழுதித் தருவார். டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது நில உரிமைக்கான காப்பீடு, விற்க இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை, அதற்குப் பதில் அரசே நடத்தும் டைட்டில் காரண்டி இருக்கிறது. கவுண்டி ரெக்கார்டரிடம் பதிவு, எஃப்எஸ்ஏ என்ற மத்திய அரசின் பண்ணைச் சேவை அலுவலகத்தில் பெயர் மாற்றம். யாருக்கும் கவர் கொடுக்க வேண்டாம், மதியத்துக்குள் முடிந்துவிடும். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நமக்கு இது பெரிய ஆச்சரியம்தான்.

இப்போது என் நண்பர் மாட்டிக்கொண்ட இடம். திருவாரூர்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், கணக்கில் கெட்டி. அக்டோபரில் ஓர் ஏலத்தில் 78 ஏக்கர் எடுத்தார். ஏலம் என்றால் அன்றே பத்து சதவீதத்துக்குக் காசோலை, இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்ள வேண்டும், பேங்க் கடன் கிடைக்கவில்லை என்று பின்வாங்க முடியாது. விற்றவர்கள் வேறு வேறு மாநிலங்களில் இருக்கும் அண்ணன் தங்கைகள், அப்பா போன பிறகு கைகழுவினால் போதும் என்று இருந்தவர்கள். நோட்டீஸில் "தற்போதைய குத்தகைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. ஏலக்காரரிடம் கேட்டதற்கு, பிப்ரவரி கடைசியோடு குத்தகை முடிகிறது, எழுத்திலேயே இருக்கிறது என்றார். நண்பர் நவம்பரில் பத்திரம் முடித்தார், பக்கத்து ஊர் இளைஞர் ஒருவரிடம் ஏக்கர் 280க்கு வாய் வார்த்தையும் பேசிவிட்டார்.

பிப்ரவரியில் பழைய குத்தகைக்காரர் போன் செய்தார். எழுபது வயது, மரியாதையான மனிதர். விதைக்கு முன்பணம் கட்டிவிட்டேன், நவம்பரிலேயே அம்மோனியா உரமும் போட்டாயிற்று, மார்ச் 1ஆம் தேதி பாதிக் குத்தகையை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று கேட்டார். எந்தக் குத்தகை? ஏக்கர் 190 டாலர், பழைய குத்தகை!

நண்பர் கொதித்துப்போய் வக்கீலிடம் ஓடினார். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது, பில்லும் பின்னாலேயே வந்தது. அயோவா சட்டப்படி பண்ணைக் குத்தகையை நிறுத்த வேண்டுமானால் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமாக அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த மார்ச் 1லிருந்து இன்னொரு வருடம், அதே ஆள், அதே தொகை, அதே நிபந்தனைகள். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி போட்டிருந்தாலும் சரி, வெறும் வாய்ப்பேச்சுக் குத்தகையானாலும் சரி, இடையில் நிலம் கைமாறினாலும் சரி. விற்றவர்கள் ஆகஸ்டில் ஒரு கடிதம் அனுப்பவில்லை, அதனால் வாங்கியவருக்கு ஏக்கருக்கு 90 டாலர் வீதம் ஏழாயிரம் டாலர் போச்சு.

அந்தப் பெரியவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அறுவடை முடித்த கையோடு உரம் போட்டு அடுத்த வருடத்துக்குப் பணத்தை மண்ணில் இறக்குகிறவனை பிப்ரவரியில் எழுந்து போ என்று சொல்ல முடியுமா? எரிச்சல் எனக்கு அந்த ஏலக்காரர் மேல்தான், அவருக்கு இந்தத் தேதி தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. நண்பர் மேலும் கொஞ்சம் உண்டு. தஞ்சை, திருவாரூர் பக்கம் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தோடு இரண்டு தலைமுறையாக மல்லுக்கட்டிய குடும்பம் அவருடையது. அமெரிக்கா என்றால் உழுகிறவனுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்காது என்று எப்படி நினைத்தாரோ!

ஆகவே, செப்டம்பருக்கு அப்புறம் வரும் எந்த விற்பனையிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அறிவிப்பு கொடுத்தாயிற்றா, அதன் நகலைக் காட்டுங்கள் என்பது. கொடுக்கவில்லை என்றால் இரண்டு வழி. குத்தகைக்காரரே விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், சில சமயம் ஏதாவது தொகை கொடுத்தால் தருவார். இல்லை, ஒரு வருடம் பழைய தொகைதான் என்று கணக்குப் போட்டு அதற்கேற்றபடி ஏலம் கேளுங்கள். வாங்கிய பிறகு உங்கள் முறை வரும்போது ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே நம் பதிவுத் தபால் போன்ற சர்டிஃபைட் மெயிலில் அறிவிப்பை அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னேன், மின்னஞ்சல் போட்டேன் என்பதெல்லாம் செல்லாது. குத்தகை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவருக்கும் தனித்தனிக் கடிதம்.

கடிதம் போவதற்கு முன் ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், குத்தகையைத் திரும்பப் பேசத்தான் இது, விரட்ட இல்லை என்று. இங்கே அது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மாட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வக்கீல் கடிதம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வயலைப் பார்க்கப் போய் நிற்பார்கள். அங்கே வரப்பும் இருக்காது, களத்துமேடும் இருக்காது, நடவு ஆட்களும் இருக்க மாட்டார்கள். இருபத்து நாலு வரிசை ஒரே இழுப்பில் விதைக்கும் இயந்திரத்துக்குள் ஒற்றை ஆள் உட்கார்ந்திருப்பார். பேச்சுத் துணைக்கு அவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

அவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கவுண்டியின் சமவெளி ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்தது, மண்ணுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்களால்தான் விளைகிறது. டைல் என்பார்கள். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எது உடைந்திருக்கிறது என்பது பல பண்ணைகளில் காகிதத்தில் இருக்காது, உழுகிறவர் தலையில்தான் இருக்கும். பொது வடிகாலுக்காக வகுத்த 'வடிகால் மாவட்டம்' என்ற எல்லைக்குள் நிலம் இருந்தால் பொதுக் கால்வாயைச் சீர்செய்யும் செலவில் உங்கள் பங்கு சொத்து வரியோடு சேர்ந்து வரும், அதையும் பத்திரத்துக்கு முன்பே கவுண்டி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். நண்பர் சமாதானமான பிறகு அந்தப் பெரியவர் ஒரு விதைக் கம்பெனி அட்டையின் பின்புறம் 78 ஏக்கரின் குழாய்களையும் பென்சிலில் வரைந்து கொடுத்தார். அப்படி ஒன்று கிடைத்தால் அன்றைக்கே ஸ்கேன் பண்ணி, அப்ஸ்ட்ராக்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.