வேனே வீடாக வாழ்பவர்கள் தாப்பா சாலையில் கேமரன் மலை ஏறி இறங்கும் முறை

மலேசியாவின் பீடோர் தோட்டப்புறத்தில் வேனை நிறுத்தி, அதிலேயே குடியிருக்கும் நான், தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா வரையிலான ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச்சாலையில் வீட்டோடு சென்றுவரப் பழகிய முறையை எழுதுகிறேன்.

முதலில் எடையைக் குறையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், 80 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டாலே 60 கிலோ குறைந்துவிடும். அரிசி, பாத்திரம் போன்ற கனமானவற்றைத் தரையோடு சேர்த்துக் கட்டுங்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேரும் என்பதால் விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், பெத்தாய்க் காய் விற்கும் கடைகளை ஒட்டி இடமுள்ள இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பயணத்தில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இறங்கினேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு முன்பே கருகல் வாடை வந்தது, மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். சூட்டில் அது கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், நாம் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சேராமல் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுங்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியருக்கு, தேவையானால் அதற்கும் கீழான கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைத் தணித்து, உடனே முழுமையாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும். வாடை வந்தால் ஒதுங்கி நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துத் தானாக ஆறவிடுங்கள். சூடான பிரேக் தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும். விற்கும் பிளாஸ்டிக் முட்டுகளைவிட, ஆப்பு வடிவில் அறுத்த ரப்பர் மரக்கட்டையையே நான் நம்புகிறேன்.

பின்சேர்க்கை: தானியங்கிக் கியர் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். வண்டியை வழக்கமாக ஓட்டும் டி (D) நிலையிலேயே விட்டு இறங்காதீர்கள். ஓவர்டிரைவை (மிக உயர்ந்த கியரை) நிறுத்திவிட்டு 2-க்கும், மிகச் செங்குத்தான வளைவுகளில் மிகக் கீழான கியரான எல்-லுக்கும் (L) மாற்றுங்கள். என்ஜின் இரைவது கேட்டு அஞ்ச வேண்டாம். என்ஜின் சுழல்வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்த இரைச்சல் பிரேக்கின் சுமையை என்ஜின் தாங்குவதால் வருவதே.