1911 அயர்லாந்து சென்சஸ்ல ஒரு வீட்டைத் தேடிப் படிக்கிறது எப்படி

அயர்லாந்து நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்ல 1901, 1911 சென்சஸ் ரெண்டும் ஃப்ரீயாவே இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் பெரும்பாலும் போச்சு, சிலதை கவர்மெண்டே அழிச்சிட்டாங்க, மிச்சம் 1922ல உள்நாட்டுப் போர்ல அதெல்லாம் வச்சிருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிஞ்சப்ப சாம்பலாயிடுச்சு.

முதல்ல பேரைப் போட்டுத் தேடாதீங்க. ஸ்பெல்லிங் தாறுமாறா இருக்கும், ஐரிஷ்லயே எழுதிக் குடுத்தவங்களும் இருக்காங்க. கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அப்புறம் தெருன்னு இறங்குங்க. டப்ளின் ஹென்ரியட்டா தெரு 14ம் நம்பர் வீட்டைப் பாருங்க, பணக்காரங்களுக்குக் கட்டின மாளிகை, 1911ல அதுக்குள்ள சுமார் 100 பேர்!

அடுத்து ஒரிஜினல் ஃபார்மோட ஸ்கேனைத் திறங்க, டைப் பண்ணி வச்சிருக்கறத மட்டும் நம்பாதீங்க. கல்யாணமான பொண்ணுங்ககிட்ட எத்தனை குழந்தை உயிரோட பொறந்துச்சு, இப்ப எத்தனை இருக்குன்னு கேட்ட ரெண்டு கட்டம் இருக்கும். ஒன்பது, நாலுன்னு பக்கத்துல பக்கத்துல பாத்தா அதுக்கு மேல ஸ்க்ரோல் பண்ணவே மனசு வராது. வீட்டோட சுவர், கூரை, ஜன்னல் கணக்குக்கு பி1 ஃபார்ம் தனியா இருக்கு.

வயசை மட்டும் சந்தேகமாவே பாருங்க. 1901ல 55ன்னு இருந்தவர் 1911ல 71 ஆயிருப்பார், ஏன்னா நடுவுல 1909ல 70 வயசானவங்களுக்கு பென்ஷன் வந்துச்சு, அதுக்காக வயசைக் கூட்டிச் சொன்னவங்க இருக்காங்க :) அதனால ரெண்டு சென்சஸையும் ரெண்டு டேப்ல திறந்து வச்சு ஒப்பிட்டுக்கோங்க.