எக்ஸ்சேஞ்சிலிருந்து மெயில்கவ்வுக்கு: சிறு அலுவலக மின்னஞ்சலைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் முறை

மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் வழங்கி மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆனாலும் சிறு அலுவலகங்கள் பலவற்றில் அந்த வழங்கிகள் இன்னும் இணையத்திற்குத் திறந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது, திருத்தம் நிறுவாத வழங்கிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் தாக்குதலுக்கு உள்ளானதை நினைத்துப் பார்த்தால், மாற்றத்தைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்பது விளங்கும். சந்தா கட்டிப் புதிய எக்ஸ்சேஞ்ச் பதிப்புக்கோ, மைக்ரோசாஃப்ட் 365-க்கோ போகலாம்; கட்டற்ற மென்பொருளுக்கும் மாறலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டு ஆகிய கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றும் பணியை 2025 அக்டோபரில் முடித்தது. இருபது முப்பது பேர் பணிபுரியும் அலுவலகம் இதே மாற்றத்தைச் செய்வது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

எக்ஸ்சேஞ்ச் ஒரே பொருளாகச் செய்யும் வேலையைக் கட்டற்ற உலகில் தனித்தனி மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. அஞ்சலை அனுப்புவதும் பெறுவதும் போஸ்ட்ஃபிக்ஸ். பெட்டியில் சேமித்துப் பயனருக்குக் காட்டுவது டவ்காட். குப்பை அஞ்சலை வடிகட்டுவது ஆர்ஸ்பேம்டி. நாள்காட்டி, முகவரிப் புத்தகம், இணையவழி அஞ்சல் ஆகியவற்றைத் தருவது சோகோ. இவற்றை ஒவ்வொன்றாக நிறுவி இணைப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் பிறருடைய அலுவல் அஞ்சலை நம்பி ஒப்படைக்கும் வழங்கியில் அந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இவை அனைத்தையும் டாக்கர் கலன்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் மென்பொருள் பெட்டிகளாகக் கட்டித் தரும் மெயில்கவ் என்ற தொகுப்பையே தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கிறேன்.

முதற்படி: கணக்கெடுப்பு

அஞ்சற்பெட்டிகளின் பட்டியலையும் அவற்றின் அளவையும் எக்ஸ்சேஞ்சே தந்துவிடும். அதில் வராதவைதான் பின்னர் தொல்லை தருபவை. ஸ்கேன் செய்த தாளை அஞ்சலில் அனுப்பும் நகலெடுப்பு இயந்திரம், விலைப்பட்டியல் அனுப்பும் கணக்கு மென்பொருள், நள்ளிரவில் அறிக்கை அனுப்பும் காப்புப்பிரதி நிரல், மின்தடை அறிவிக்கும் யு.பி.எஸ். போன்றவை பெரும்பாலும் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் எக்ஸ்சேஞ்சின் 25-ஆம் போர்ட் (வழங்கிகள் அஞ்சலைப் பரிமாறும் இணைய வாயில்) வழியாக அஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும். எந்தெந்த ஐ.பி. முகவரிகள் அவ்வாறு அனுப்புகின்றன என்பதை எக்ஸ்சேஞ்சில் அஞ்சலை ஏற்கும் பகுதியான பெறும் இணைப்பியின் (Receive connector) பதிவுகளைக் கொண்டு ஒரு மாத அளவுக்காவது பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு இயங்காமல் இருந்தால் இன்றே இயக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் சம்பளச் சீட்டு நிரல் போன்றவை அப்போதுதான் கண்ணில் படும்.

குழு முகவரிகள், பொதுப் பெட்டிகள், ஒருவர் நாள்காட்டியை மற்றவர் பார்க்கும் அனுமதிகள் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: வழங்கியும் ஐ.பி. முகவரியும்

இயல்பான அமைப்பில் மெயில்கவ் இயங்கக் குறைந்தது 6 ஜி.பி. நினைவகம் வேண்டும், 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. அஞ்சல்களுக்கான இடம் போக 20 ஜி.பி. வட்டு இடமும் வேண்டும். வீட்டு இணைய இணைப்புகளில் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். வாடகை மேக வழங்கி எடுத்தால், அந்தப் போர்ட்டைத் திறந்து தருவார்களா, ஐ.பி. முகவரி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பி.டி.ஆர். பதிவை உங்கள் வழங்கியின் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த முகவரி குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் இருந்தால் உடனே வேறு முகவரி கேளுங்கள்.

மூன்றாம் படி: டி.என்.எஸ். பதிவுகள்

டி.என்.எஸ். என்பது டொமைன் பெயர்களுக்குரிய விவரங்களைத் தரும் இணைய முகவரிப் பட்டியல். உங்கள் அஞ்சல் ஜிமெயிலின் உள்பெட்டிக்குப் போகுமா, குப்பைக்குப் போகுமா என்பதைப் பெருமளவு இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. வழங்கியின் பெயரை அதன் ஐ.பி. முகவரிக்குக் காட்டும் பதிவும், அந்த முகவரியிலிருந்து அதே பெயரைத் திருப்பித் தரும் பி.டி.ஆர். பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வழங்கிக்கு ஐ.பி.வி6 முகவரியும் இருந்தால் அதற்கும் தனியே பி.டி.ஆர். வேண்டும், இல்லாவிட்டால் ஜிமெயில் அஞ்சலை ஏற்க மறுக்கக்கூடும்.

அடுத்து, உங்கள் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவு. மாற்றக் காலத்தில் பழைய எக்ஸ்சேஞ்ச், புதிய வழங்கி இரண்டின் முகவரிகளும் அதில் இருக்க வேண்டும். டி.கிம். என்பது ஒவ்வொரு அஞ்சலிலும் இடப்படும் மின்கையொப்பம். அதற்கான சாவியை மெயில்கவ் நிர்வாகப் பக்கமே உருவாக்கித் தரும். 2048 பிட் சாவி 255 எழுத்துகளைத் தாண்டிவிடுவதால், சில டி.என்.எஸ். நிறுவனங்களின் படிவத்தில் அதை இரண்டு துண்டுகளாக, ஒவ்வொன்றையும் தனி மேற்கோள்குறிக்குள் இட வேண்டியிருக்கும். இந்த இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் செல்லாது. இந்த இரண்டு சோதனைகளிலும் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பிற வழங்கிகளுக்குச் சொல்லும் டிமார்க் பதிவைத் தொடக்கத்தில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்த பிறகு கடுமையாக்கலாம்.

உங்கள் டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை இப்போது தொடாதீர்கள். பிற வழங்கிகள் அதை நினைவில் வைத்திருக்கும் ஆயுட்காலத்தை (TTL) மட்டும் 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள்.

நான்காம் படி: நிறுவுதல்

டெபியன் லினக்ஸின் அண்மைப் பதிப்பு ஒன்றை நிறுவி, டாக்கரையும் நிரல்களை இறக்க உதவும் கிட்டையும் சேர்த்து, மெயில்கவ்வின் நிரல் களஞ்சியத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள அமைப்பு நிரலை இயக்கினால் வழங்கியின் முழுப்பெயரையும் நேர வலயத்தையும் கேட்கும். பிறகு கலன்களை இறக்கி இயக்குவதற்கான இரண்டு கட்டளைகள் மட்டுமே மிச்சம். ஃபயர்வாலில் 25, 80, 443, 465, 587, 993 ஆகிய போர்ட்டுகளைத் திறக்க வேண்டும். 80 மூடியிருந்தால் இணைப்பை மறைகுறியாக்க உதவும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கிடைக்காது. நிர்வாகப் பக்கத்தில் நுழைந்ததும் முதல் வேலையாக இயல்பாக வரும் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

டொமைனைச் சேர்த்து, ஒரு சோதனைப் பெட்டியை உருவாக்கி, உங்கள் சொந்த ஜிமெயில் முகவரிக்கு ஓர் அஞ்சல் அனுப்புங்கள். ஜிமெயிலில் அந்த அஞ்சலின் அசல் வடிவத்தைத் திறந்தால் எஸ்.பி.எஃப்., டி.கிம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே தேர்ச்சி என்று இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் முன்னேறாதீர்கள். இந்தக் கட்டத்தில் சக ஊழியருக்குச் சோதனை அஞ்சல் அனுப்பக் கூடாது. டொமைன் தன்னுடையது என்று புதிய வழங்கி நம்புவதால், அந்த அஞ்சல் எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமல் அதற்குள்ளேயே நின்றுவிடும்.

ஐந்தாம் படி: பழைய அஞ்சல்களை நகர்த்துதல்

வழங்கியிலுள்ள அஞ்சலைப் பிற மென்பொருள் படிக்க உதவும் ஐமேப் சேவை எக்ஸ்சேஞ்சில் இயல்பாக இயங்காது. அதற்குரிய இரண்டு விண்டோஸ் சேவைகளையும், முன்புறச் சேவை பின்புறச் சேவை என இரண்டையுமே, இயக்க வேண்டும். பின்னர் மெயில்கவ்வில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஒத்திசைவுப் பணியை உருவாக்குங்கள். பின்னணியில் ஐமேப்சிங்க் என்ற கருவி வேலை செய்யும். ஏற்கனவே வந்த அஞ்சலை அது அடையாளம் கண்டுகொள்வதால் எத்தனை முறை ஓட்டினாலும் இரட்டிப்பு வராது. ஆகவே ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடலாம்.

இங்கே மூன்று தெரிவுகளைக் கவனமாகப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சின் அனுப்பியவை கோப்புறையைப் புதிய வழங்கியின் அனுப்பியவை கோப்புறையோடு தானே பொருத்தும் தெரிவை இயக்குங்கள். மூலத்திலிருந்து அழிக்கும் தெரிவை அணைத்தே வையுங்கள். மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலிருந்து அழிக்கும் தெரிவு எல்லாவற்றிலும் ஆபத்தானது: எம்.எக்ஸ். மாறிய பிறகு புதிய வழங்கிக்கு நேராக வரும் அஞ்சல்கள் எக்ஸ்சேஞ்சில் இருக்கமாட்டா என்பதால், அடுத்த ஒத்திசைவு அவற்றையெல்லாம் துடைத்துவிடும்.

நாள்காட்டியும் தொடர்புகளும் ஐமேப் வழியாகப் பயன்படும் வடிவில் வருவதில்லை. நாள்காட்டியை அவுட்லுக்கில் ஐ.சி.எஸ். கோப்பாகச் சேமித்து சோகோவில் இறக்குமதி செய்யலாம். தொடர்புகளை அவுட்லுக்கிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, தண்டர்பேர்டில் ஏற்றி, அங்கிருந்து வி-கார்டு வடிவில் சோகோவுக்குக் கொண்டுபோவதே சிக்கல் குறைந்த வழி. பகிர்வு அனுமதிகளை மட்டும் கையால்தான் மீண்டும் கொடுக்க வேண்டும். முதற்படியில் எழுதிய பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

ஆறாம் படி: மாற்றும் நாள்

சிறு அலுவலகத்தில் பாதிப் பேரை ஒரு வழங்கியிலும் மீதிப் பேரை மற்றொன்றிலும் வைத்திருப்பது தேவையற்ற சிக்கல். வெள்ளி மாலையில் எல்லாரையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். எம்.எக்ஸ். பதிவைப் புதிய வழங்கிக்குத் திருப்பி, கடைசி ஒத்திசைவை ஓட்டுங்கள். இடையில் சிறிது நேரம் வழங்கி கிடைக்காமல் போனாலும் அஞ்சல் தொலையாது. அனுப்பும் வழங்கிகள் பொதுவாகச் சில நாள்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும்.

திங்கள் காலையில் பலர் தடுமாறும் இடம் அவுட்லுக். அலுவலக விண்டோஸ் டொமைனில் இணைந்த கணினிகளில் அவுட்லுக் முதலில் ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர், கணினி விவரங்களை வைத்திருக்கும் விண்டோஸ் தரவுத்தளம்) பதிந்துள்ள, அஞ்சல் வழங்கியைத் தானே கண்டறிய உதவும் முகவரியைத்தான் கேட்கும், டி.என்.எஸ். பதிவை நீங்கள் சரியாக மாற்றியிருந்தாலும் அது பழைய எக்ஸ்சேஞ்சையே போய்ப் பிடிக்கும். எக்ஸ்சேஞ்ச் கட்டளைச் சாளரத்தில் அந்த உள் முகவரியை வெறுமையாக்கிய பிறகுதான் புதிய அவுட்லுக் சுயவிவரங்களை உருவாக்க வேண்டும். அப்படியும் பெயரைத் தட்டியதும் தானே நிரம்பும் பட்டியலில் எக்ஸ்சேஞ்சின் பழைய உள் முகவரிகள் ஒட்டியிருக்கலாம். சக ஊழியருக்கு அனுப்பிய அஞ்சல் விளங்காத நீண்ட முகவரியோடு திரும்பி வந்தால் காரணம் இதுதான். பட்டியலை அழித்தால் சரியாகிவிடும்.

நகலெடுப்பு இயந்திரம், கணக்கு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டியோ, தனிச் செயலிக் கடவுச்சொல்லோ கொடுங்கள்.

ஏழாம் படி: காப்புப்பிரதியும் பழைய வழங்கியை நிறுத்துவதும்

மெயில்கவ் அஞ்சல்களை மறைகுறியாக்கியே வட்டில் வைக்கிறது. அதற்கான சாவி வேறொரு தொகுதியில் இருப்பதால், அஞ்சல் கோப்புறையை மட்டும் நகலெடுத்து வைத்தால் அந்த நகலைத் திறக்கவே முடியாது. தொகுப்போடு வரும் காப்புப்பிரதி நிரலைக் கொண்டு எல்லாப் பகுதிகளையும் சேர்த்தே எடுங்கள். எடுத்ததை வேறொரு இயந்திரத்தில் ஒருமுறையேனும் மீட்டுப் பாருங்கள். தொகுப்பின் புதுப்பிப்பு நிரலை மாதம் ஒருமுறையாவது ஓட்டுவதும் உங்கள் பொறுப்பு.

எக்ஸ்சேஞ்சை உடனே அணைக்காதீர்கள். இணையத்திலிருந்து அதற்கு வரும் வழிகளை ஃபயர்வாலில் மூடிவிட்டு, உள்வலையில் மட்டும் ஒரு மாதம் ஓட விடுங்கள். அதன் பதிவுகளில் ஏதேனும் ஐ.பி. முகவரி இன்னும் அஞ்சல் அனுப்ப முயன்றால், கணக்கெடுப்பில் தப்பிய இயந்திரம் அதுவே. அந்தப் பதிவுகள் அமைதியானதும் எஸ்.பி.எஃப். பதிவிலிருந்து பழைய முகவரியை நீக்கி, எக்ஸ்சேஞ்சை அதன் நீக்கும் நிரல் வழியாகவே முறைப்படி அகற்றுங்கள். வெறுமனே மின்னிணைப்பைப் பிடுங்கினால் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பதிவுகள் அப்படியே தங்கிவிடும்.