ஹெல்மெட்டைத் தரையில் வைத்ததும் உதவி வந்தது

நெடுஞ்சாலையில் என் பைக்கின் செயின் லாக் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) தெறித்து, செயின் கழன்று விழுந்தது. கை காட்டிப் பார்த்தேன். வேகமாகப் போகிறவர்களுக்கு நான் டாட்டா காட்டுவதுபோலத் தெரிந்திருக்கும், ஒருவரும் நிற்கவில்லை.

வண்டியைச் சாலையோர மண்ணில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி அதன் பின்னால் தரையில் வைத்தேன். ‘உதவி வேண்டும்’ என்பதற்குப் பைக் ஓட்டிகளிடையே பல நாடுகளில் வழங்கும் அடையாளம் இது. சீட்டிலோ கண்ணாடியிலோ மாட்டினால், ஆள் இளைப்பாறுகிறான் என்றே நினைப்பார்கள். தரையில்தான் இருக்க வேண்டும். அதுவும் சக்கரங்கள் ஓடும் தடத்துக்கு வெளியே. கார் ஓட்டுபவர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்களுக்காக இண்டிகேட்டரையும் எரியவிட்டேன். இருட்டிவிட்டால் கறுப்பு ஹெல்மெட் யார் கண்ணிலும் படாது, விளக்குதான் கதி.

சற்று நேரத்தில் ஒரு பைக்காரர் வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலை உயர்த்தி, ‘எல்லாம் சரியா?’ என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்; நின்றுவிட்டார். அவர் பையில் உபரி லாக் இருந்தது (இப்படியும் மனிதர்கள்!). அளவும் பொருந்தியது. செயினின் இரு முனைகளையும் பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள்மேல் சேர்த்து வைத்தார். பற்களே பிடித்துக்கொள்வதால் இணைப்பை நுழைப்பது எளிது. இணைப்பைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடலாம். இடுக்கியால் ஓர் அழுத்து, ‘டிக்’கென்று உட்கார்ந்தது.

இப்போது என் செயின் அளவுக்கு ஒரு லாக்கும் சிறிய இடுக்கியும் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கின்றன.