பக்கத்து ஹாலஜனையும் கழற்றியதும் தொடங்கிய சிமிட்டல்

கீழக்கரை வீட்டு முன்னறையில் பால்ஸ் சீலிங்குக்குள் பதித்த ஆறு ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 50 வாட். கரண்ட் பில்லுக்குப் பயந்து, அதே பின் கொண்ட 5 வாட் எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

மூன்று நன்றாகவே எரிந்தன. நான்காவதை மாட்டியதும் அதுவும் பக்கத்து விளக்கும் சேர்ந்து சிமிட்டின. பல்பு கோளாறு என்று ராம்நாட்டுக் கடையில் மாற்றிவந்தேன். அதே கதை. சுவிட்சையும் மாற்றினேன். உப்புக்காற்றில் ஹோல்டர் பச்சை பூத்திருந்தது. மச்சான் அதுதான் என்று அடித்துச் சொன்னார். புது ஹோல்டரும் போட்டாயிற்று. நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: பக்கத்தில் ஒரு பழைய ஹாலஜன் இருந்தால் எல்இடி ஆடாமல் எரிகிறது!

மெயினை அணைத்துவிட்டு, ஓட்டைக்குள் கைவிட்டு 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை வெளியே இழுத்தேன். இரண்டு விளக்குக்கு ஒன்று. தூசியைத் துடைத்தால் ‘35–105 வாட்’ என்று பொடி எழுத்து. 105 எல்லோருக்கும் புரியும். அந்த 35-ஐ யார் பார்க்கிறார்கள்? குறைந்தது அவ்வளவு சுமை இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். ஹாலஜனும் எல்இடியும் சேர்ந்தால் 55; இரண்டும் எல்இடி என்றால் வெறும் 10.

மூன்று டிரான்ஸ்பார்மர்களையும் கழற்றிவிட்டு, டிரைவரோடு (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வரும் 230 வோல்ட் எல்இடி டவுன்லைட்டுகளை நேராக இணைத்தோம். வாங்கும் முன் ஓட்டையை அளந்துகொண்டது நல்லதாயிற்று. சிமிட்டல் அன்றோடு நின்றது.